தொப்பியின் நிறமும் கையிலுள்ள கடிதமும்: ஹேக்கர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனங்களின் கணினி வலையமைப்பில் ஓட்டை தேடுவது என் பிழைப்பு. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டு, நானும் மறைக்காமல் சொல்லிவிட்டால், ரசம் வருவதற்குள் விசாரணை தொடங்கிவிடும். பல ஆண்டுகளாக ஏறக்குறைய அதே கேள்விகள்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால், அடுத்த கல்யாணத்தில் பாயசத்தையாவது நிம்மதியாகச் சாப்பிடலாம்.

ஹேக்கர் என்றாலே திருடன்தானே?

அந்தச் சொல் பிறந்தபோது அப்படி ஓர் அர்த்தம் அதற்கு இல்லை. 1950களின் கடைசியில் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் பொம்மை ரயில் ஓட்டும் மாணவர் மன்றம் ஒன்று இருந்தது. சிலருக்கு ரயில் பெட்டிக்கு வண்ணம் அடிப்பதில் ஆசை. வேறு சிலர் மேசைக்கு அடியிலேயே குடியிருந்தார்கள். எந்தத் தண்டவாளத்துக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ரிலேக்களும் வயர்களும் அங்கேதான் இருந்தன. ஒருவன் அங்கே சாமர்த்தியமாக ஓர் இணைப்பைப் போட்டுவிட்டால் அதற்கு 'ஹேக்' என்று பெயர். அதே பையன்கள் பிறகு டிஎக்ஸ்-0, பிடிபி-1 கணினிகளுக்குத் தாவி, இரவிரவாக அவற்றின் முன்னால் உட்கார்ந்துகிடந்தார்கள்.

அவர்களிடம் எழுதாத நெறி ஒன்று இருந்தது. கணினியைத் தொட ஆசைப்படுபவனைத் தடுக்கக் கூடாது, எழுதிய நிரலை ஒளித்துவைக்கக் கூடாது, ஒருவனுடைய பட்டத்தையும் வயதையும் விட்டுவிட்டு அவன் செய்த வேலையைப் பார்த்து மதிக்க வேண்டும். பூட்டு என்பதே அவர்களுக்கு அவமரியாதை. ஒருவரை ஒருவர் தெரிந்த நாலு பேர் ஒரே அறையில் இருந்தவரை அது அழகான நெறி. இன்று பூட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கும் மருத்துவக் கோப்பும். பழைய நெறியை அப்படியே எடுத்துக்கொண்டு வந்து நிற்பவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு.

1980களில் வீட்டுக் கணினிகள் பரவி, பையன்கள் தொலைபேசி வழியே அடுத்தவர் கணினிக்குள் நுழையத் தொடங்கியபோது, பத்திரிகைகள் இந்தச் சொல்லைக் குற்றவாளிகளுக்கு ஒட்டிவிட்டன. கெட்டவர்களை மட்டும் 'கிராக்கர்' என்று அழையுங்கள் என்று பழைய ஹேக்கர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. தமிழில் 'கொந்தர்' என்றும் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் பந்தியில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை.

வெள்ளை, கறுப்பு, சாம்பல் என்று தொப்பிகளைப் பிரிப்பது எதை வைத்து?

பழைய அமெரிக்க கௌபாய் படங்களில் நல்லவன் வெள்ளைத் தொப்பியும் கெட்டவன் கறுப்புத் தொப்பியும் அணிந்து வருவான் என்பது வழக்கம். அங்கிருந்து வந்த பெயர்கள் இவை. உரிமையாளரின் சம்மதத்தோடு ஓட்டை தேடுபவர் வெள்ளை. சம்மதமில்லாமல் நுழைந்து பணமோ தகவலோ பறிப்பவர் கறுப்பு. சம்மதம் கேட்காமல் நுழைந்து, ஆனால் எதையும் எடுக்காமல் 'உங்கள் கதவு திறந்திருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகிறவர் சாம்பல்.

பாடப்புத்தகம் இதோடு நிறுத்திவிடும். படிக்கிறவர்களும் இதை ஆளின் பிறவிக் குணம்போல எடுத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் நிறம் ஆளுக்குரியதே அல்ல, ஒரு குறிப்பிட்ட நாளில் செய்த ஒரு குறிப்பிட்ட செயலுக்குரியது. நான் காலையில் வாடிக்கையாளரின் சர்வரில் ஓட்டும் அதே மென்பொருளை, அதே கட்டளையை, மாலையில் வேறொருவரின் சர்வரில் ஓட்டினால் நான் குற்றவாளி. கருவியிலும் திறமையிலும் ஒரு மாற்றமும் இல்லை. வீட்டுச் சாவி தொலைந்து நீங்களே கூப்பிட்டு வந்தவர் பூட்டைத் திறந்தால் கூலி கொடுக்கிறீர்கள். கூப்பிடாமல் வந்து திறந்தால் காவல் நிலையத்துக்குப் போகிறீர்கள்.

அப்படியானால் 'செய்யுங்கள்' என்று ஒருவர் வாயால் சொன்னால் போதுமா?

போதாது. என் பையில் மடிக்கணினிக்கு முன்னால் வைப்பது ஒரு கடிதத்தை. எந்த ஐபி முகவரிகள் (இணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் எண்கள்), எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எதைத் தொடக் கூடாது (பெரும்பாலும் சம்பளப் பட்டுவாடா சர்வர்), நள்ளிரவில் ஏதாவது படுத்துவிட்டால் யாருடைய கைப்பேசிக்கு அழைக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டவருக்கு அந்தக் கணினிகள் உண்மையிலேயே சொந்தமா என்று பார்ப்பது அடுத்த வேலை. பல நிறுவனங்களின் இணையதளம் வேறொருவரின் வாடகை சர்வரில் ஓடும். குடியிருப்பவர் சம்மதித்தாலும் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டுமே.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இரண்டு சோதனையாளர்கள் இரவில் ஒரு நீதிமன்றக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். மாநில நீதித்துறைதான் அவர்களை ஒப்பந்தம் போட்டு அனுப்பியிருந்தது. அலாரம் அடித்தது, போலீஸ் வந்தது, கடிதத்தைக் காட்டினார்கள். ஆனால் கட்டடம் மாநிலத்துடையது அல்ல, அந்த மாவட்டத்துடையது. அதைச் சோதிக்கச் சொல்ல மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று மாவட்டக் காவல் தலைவரான ஷெரீஃப் அவர்களைக் கைது செய்துவிட்டார். வழக்கு கைவிடப்பட 2020 ஜனவரி ஆனது. இரண்டு அதிகாரங்களின் எல்லைத் தகராறில் சிறைக்குப் போனது வேலை செய்ய வந்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்த வாரம் எங்கள் கடிதத்தில் இரண்டு பத்தி கூடியது.

நல்ல எண்ணத்தோடு நுழைந்து எச்சரித்தால் என்ன தவறு?

இதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் 1981-இல் தொடங்கிய ஹேக்கர் சங்கம். 1984-இல் அந்நாட்டு அஞ்சல்துறை நடத்திய பிடிஎக்ஸ் என்ற திரைவழித் தகவல் சேவை ஓட்டையானது என்று அவர்கள் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹாம்பர்க்கின் சேமிப்பு வங்கி ஒன்றின் கணக்கைப் பயன்படுத்தி, கட்டணம் கேட்கும் தங்கள் பக்கத்தையே ஓர் இரவு முழுவதும் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். விடிந்தபோது சுமார் 1,34,000 மார்க் சேர்ந்திருந்தது. பத்திரிகையாளர்களைக் கூட்டி விஷயத்தைச் சொல்லி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் அசைந்தார்கள். பொதுத் தகவலைப் பயன்படுத்து, தனிமனிதர் தகவலைக் காப்பாற்று என்பது அவர்கள் நெறி. மற்ற எல்லா நெறிகளையும்விட எனக்கு அது பிடித்தமானது.

என் கதை அவ்வளவு வீரமானதல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்தேன். முடிவைப் பார்க்கக் கைப்பேசிக்கு ஓர் இணைப்பு வந்தது. முகவரியின் கடைசியில் ஓர் எண். கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. தொழில் புத்தி, கடைசி இலக்கத்தை ஒன்று குறைத்துத் தட்டினேன். முன்பின் தெரியாத ஒரு பெண்மணியின் பெயரும் வயதும் சர்க்கரை அளவும் திரையில் வந்து நின்றன. சாப்பாட்டுக்கு முன் 212. உடனே மூடிவிட்டேன், ஆனால் அந்த எண் இன்னும் மனதில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு எந்த உரிமையும் இல்லை.

கூடத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். முதல் இரண்டு முறை வரவேற்பறையைத் தாண்டவில்லை. மூன்றாவது முறை பேசிய மேலாளர் கேட்ட முதல் கேள்வி: "நீங்கள் எப்படி அதைப் பார்த்தீர்கள்?" அதில் நன்றியைவிட மிரட்டல்தான் கூடுதலாக இருந்தது. இரண்டு வாரத்தில் சரிசெய்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் என் மீதும் தவறு இருக்கிறது. அப்பாவும் அங்கேதான் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். அவர் சம்மதத்தோடு, என் இணைப்பில் அவருடைய எண்ணைப் போட்டிருந்தால் ஓட்டை நிரூபணமாகியிருக்கும். அந்நியர் யாருடைய கோப்பும் திறந்திருக்காது. சோதிக்க வேண்டுமென்றால் உங்கள் கைவசமுள்ள இரண்டு கணக்குகளுக்கு இடையில் சோதியுங்கள் என்று இன்று புதியவர்களுக்கு நானே வகுப்பெடுக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவது பிரிவு 43-இன் கீழ் வரும். இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கும். அதையே நேர்மையற்ற நோக்கோடோ மோசடியாகவோ செய்தால் பிரிவு 66: மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் சோதித்தவருக்கென்று தனி விலக்கு அதில் கிடையாது. இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில், நல்லெண்ண ஆய்வு செய்பவர்கள் மீது கணினி மோசடிச் சட்டத்தில் வழக்குத் தொடுப்பதில்லை என்று 2022 மே மாதம் நீதித்துறை கொள்கை முடிவு அறிவித்தது. அது அவர்கள் ஊர் வழக்கறிஞர்களுக்கான வழிகாட்டுதல். அதை நம்பிக்கொண்டு நம் ஊரில் கைவைக்க வேண்டாம்.

நேர்மையாக ஹேக் செய்து பணம் சம்பாதிக்க முடியுமா?

முடியும். சம்பளத்துக்குச் சோதிப்பது ஒரு வழி. பக் பவுண்ட்டி இன்னொரு வழி: எங்கள் தளத்தில் ஓட்டை கண்டுபிடித்து எங்களிடம் சொன்னால் பரிசு என்று நிறுவனமே அறிவிப்பது. நெட்ஸ்கேப் 1995-இல் தன் பிரௌசருக்கு இப்படி அறிவித்தது. 2016-இல் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனே தன் பொது இணையதளங்களை ஹேக்கர்களுக்குத் திறந்துவிட்டது.

தமிழ்நாட்டுக்காரரான லக்ஷ்மண் முத்தையாவின் வேலையை நான் வகுப்பில் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். 2019-இல் இன்ஸ்டாகிராமின் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' பகுதியை அவர் பார்த்தார். கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் வரும்; ஆயுள் பத்து நிமிடம். ஆறு இலக்கம் என்றால் மொத்தமே பத்து லட்சம் சாத்தியங்கள். ஒரே இடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் இன்ஸ்டாகிராம் தடுத்துவிடும். ஆனால் பல ஐபி முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கொட்டினால் அந்தத் தடுப்பு எண்ணிக்கையைக் கோட்டைவிடுகிறது என்பதைக் கண்டுபிடித்தார். 1,000 முகவரிகளிலிருந்து இரண்டு லட்சம் எண்களை அனுப்பிக் காட்டினார். பத்து லட்சத்துக்கும் 5,000 முகவரிகள் வேண்டும். கிளவுட் சேவையில் வாடகைக்கு எடுத்தால் ஏறக்குறைய 150 டாலர்தான். இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான ஃபேஸ்புக் நிறுவனம் ஓட்டையை அடைத்து 30,000 டாலர் கொடுத்தது. இதே கண்டுபிடிப்பை வாங்கக் கறுப்புச் சந்தையிலும் ஆள் இருந்திருப்பார்கள்.

ஆனால் ஒன்று. பரிசு அறிவிக்காத நிறுவனத்துக்கு 'ஓட்டை கண்டுபிடித்திருக்கிறேன், எவ்வளவு தருவீர்கள்?' என்று கடிதம் எழுதுவது பவுண்ட்டி அல்ல, மிரட்டல். வாரம் ஒரு பையனாவது என்னிடம் வந்து இந்தக் கடிதத்தைத் திருத்தித் தரச் சொல்கிறான்.

சொல்லியும் அவர்கள் சரிசெய்யவில்லை என்றால் வெளியிட்டுவிடலாமா?

மென்பொருள்களில் ஓட்டை தேடும் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு 90 நாள் கெடு வைத்திருக்கிறது. அதற்குள் அடைக்காவிட்டால் வெளியிட்டுவிடும். தனி ஆளுக்குக் கூகுளின் முதுகெலும்பு கிடையாது. இந்தியாவில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன்னிடம் ஒப்படைத்துவிட்டு, அனுப்பிய தேதியைக் குறித்துவைத்துக்கொள்வதே என் ஆலோசனை.

கறுப்புத் தொப்பிக்காரர்களுக்கும் நெறி உண்டு என்கிறார்களே?

உண்டு என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். டார்க்சைட் என்ற கும்பல் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் தொழில் நடத்தியது. மருத்துவமனை, பள்ளி, தொண்டு நிறுவனம் பக்கம் போகமாட்டோம் என்று விதிமுறை போட்டிருந்தது. 2021 மே மாதம் அதே கும்பல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தை முடக்கி, கிழக்குக் கடற்கரைக்கு எரிபொருள் போவது சில நாள் நின்று, பெட்ரோல் நிலையங்களில் வரிசை நின்றது. நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்தது. சமூகத்துக்குத் தொல்லை கொடுப்பது எங்கள் நோக்கமல்ல, பணம்தான் நோக்கம் என்று கும்பல் விளக்கம் வெளியிட்டது. கன்னக்கோலைத் துடைத்துவைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தர்மம் பேசுவதுபோல இருந்தது.

ஒரே ஆள் கறுப்பாகவும் வெள்ளையாகவும் இருக்க முடியுமா?

2017 மே 12. வானாக்ரை என்ற ரான்சம்வேர் ஏறக்குறைய 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிக்கொண்டே போகிறது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்புகின்றன. டெவன் கடற்கரையில் 22 வயது மார்க்கஸ் ஹட்சின்ஸ் அந்த நிரலைப் பிரித்துப் பார்க்கிறார். அது பதிவே செய்யப்படாத, வாய்க்கு வராத ஒரு நீளமான இணைய முகவரியைத் தேடிக்கொண்டே இருக்கிறது. 10.69 டாலர் கட்டி அதைத் தன் பெயரில் பதிகிறார். அந்த முகவரி பதில் சொல்லத் தொடங்கியதும் வானாக்ரை பரவுவதை நிறுத்திக்கொண்டது. உலகம் அவரைக் கொண்டாடியது.

ஆகஸ்டில் லாஸ் வேகஸ் ஹேக்கர் மாநாட்டுக்கு வந்து ஊர் திரும்பும் நேரத்தில் எஃப்பிஐ அவரைக் கைது செய்தது. பதின்வயதில் வங்கிக் கடவுச்சொற்களைத் திருடும் குரோனோஸ் என்ற நிரலை எழுதியிருந்தார். 2019-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தடுப்பில் இருந்த காலமே போதும் என்று நீதிபதி மேற்கொண்டு சிறை இல்லாமல் விட்டார். 'களவும் கற்று மற' என்பார்கள். அது 'களவும் கத்தும் மற' என்றும், கத்து என்றால் பொய் என்றும் திருத்துபவர்கள் உண்டு. ஹட்சின்ஸுக்கு எந்தப் பாடம் பொருந்தும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். களவைக் கற்றிராவிட்டால் அன்று அவருக்கு அந்தக் கண் இருந்திருக்காது. அதற்காக, குரோனோஸால் பணம் இழந்தவரிடம் போய் இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கெட்ட எண்ணமே இல்லாதவர்களும் மாட்டியிருக்கிறார்கள். 1988 நவம்பர் 2-ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ், தானாகப் பரவும் நிரல் ஒன்றை இணையத்தில் விட்டார். கணினியில் ஏற்கெனவே தன் பிரதி இருந்தாலும் ஏழில் ஒரு முறை மீண்டும் ஏறிக்கொள்ளும்படி எழுதியிருந்தார். அந்த ஏழில் ஒன்றுதான் கெடுத்தது. பிரதி மேல் பிரதி ஏறி, அன்றைய மதிப்பீட்டின்படி சுமார் 6,000 கணினிகள் திணறின. அமெரிக்கக் கணினி மோசடிச் சட்டத்தில் ஜூரியால் தண்டிக்கப்பட்ட முதல் ஆள் அவர். பின்னாளில் எம்ஐடி பேராசிரியர்.

அரசாங்கமே ஹேக் செய்தால் அது என்ன நிறம்?

எந்த நாட்டில் நின்று பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2010-இல் வெளிப்பட்ட, அமெரிக்காவும் இஸ்ரேலும் செய்ததாகப் பரவலாகக் கருதப்படும் ஸ்டக்ஸ்நெட் என்ற நிரல், ஈரானின் நதான்ஸ் ஆலையில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களின் சுழற்சியைக் கெடுத்தது. மேலே சொன்ன வானாக்ரை பரவப் பயன்பட்ட ஓட்டையை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை மைக்ரோசாஃப்டிடம் சொல்லாமல் தன் ஆயுதமாக வைத்திருந்தது. அது களவுபோய் வெளியான பிறகு நோயாளிகள் மீது வெடித்தது. ஒரு சாதாரண ஆய்வாளர் ஓட்டையை ஒளித்துவைத்திருந்தால் நாங்கள் அவரைச் சபையில் சேர்க்கமாட்டோம்.

நம் பக்கத்திலும் கதைகள் உண்டு. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் ஒரு கணினியில் உளவு நிரல் இருந்தது. அக்டோபர் 29-ஆம் தேதி தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று அறிக்கை. மறுநாள் உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகத்தின் அறிக்கை. உலையை இயக்கும் வலையமைப்பு தனி, அது தொடப்படவில்லை என்றும் சொன்னார்கள்.

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கிலிருந்து 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் பறந்தது. வட கொரிய ஹேக்கர்களின் கைவேலை என்கிறது அமெரிக்கா. இன்னொரு 2 கோடி டாலர் இலங்கையிலுள்ள ஷாலிகா ஃபவுண்டேஷன் என்ற பெயருக்குப் போக வேண்டியது. கொள்ளையர்கள் 'ஃபண்டேஷன்' என்று பிழையாகத் தட்டியிருந்தார்கள். இடையிலிருந்த வங்கிக்கு அது உறுத்தியது, விசாரித்தது, பணம் நின்றது. எழுத்துப் பிழை பார்ப்பவர்களைக் கேலி செய்கிறவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

கொள்கைக்காக ஹேக் செய்கிறவர்கள்?

ஹேக்டிவிஸ்ட் என்பார்கள். அனானிமஸ் என்ற இணையக் குழுவின் பெயர் பலருக்கும் தெரியும். 1998-இல் 'இன்டர்நெட் பிளாக் டைகர்ஸ்' என்ற பெயரில் இலங்கைத் தூதரகங்களுக்கு இரண்டு வாரம், நாளொன்றுக்கு ஏறக்குறைய 800 மின்னஞ்சல் அனுப்பி அவற்றைத் திணறடித்தார்கள். இணைய வரலாறு எழுதுபவர்கள் விடாமல் குறிப்பிடும் சம்பவம் அது. கொள்கை எதுவாக இருந்தாலும், எதிராளியின் வாயை அடைத்துவிட்டு அதைப் பேச்சுரிமை என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை.

நீலம், பச்சை, சிவப்புத் தொப்பிகள்?

தேர்வுக் குறிப்பேடுகளில் வரும். வேலையிடத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'ரெட் டீம்' என்றால் தாக்கிப் பார்ப்பவர்கள், 'புளூ டீம்' என்றால் காப்பவர்கள், அவ்வளவுதான். ரெட் ஹேட் என்பது லினக்ஸ் நிறுவனம். நேர்காணலில் இதைக் குழப்பிக்கொண்டவர்கள் உண்டு.

ஒருவருடைய வாட்ஸ்அப்பைப் பார்த்துத் தர முடியுமா?

குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. முடியாது. முடிந்தாலும் மாட்டேன்.

என் பதினான்கு வயது மகன் பள்ளியின் வைஃபை கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டான். திட்டுவதா, தட்டிக்கொடுப்பதா?

முதலில் எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேளுங்கள். அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்திருந்தால் அது பள்ளியின் தவறு. அடுத்து, யார் யாரிடம் சொன்னான் என்று கேளுங்கள். இதற்கு வரும் பதில் முக்கியம். நண்பர்களுக்கு விற்றிருந்தால் நீங்களே அவனை அழைத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போங்கள்.

யாரிடமும் சொல்லாமல் உங்களிடம் மட்டும் வந்து காட்டியிருந்தால், ஒரு பழைய மடிக்கணினியை அவனுக்கென்றே ஒதுக்கிக் கொடுங்கள். வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்ட ஜூஸ் ஷாப் என்ற பயிற்சித் தளம் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அந்தக் கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம். பள்ளி மாணவர்களுக்கான பிக்கோசிடிஎஃப் போட்டியும் இலவசம்தான். அந்தக் கடவுச்சொல் விஷயத்தைப் பள்ளிக்கு எழுதச் சொல்லுங்கள். என்ன பார்த்தேன், எப்போது பார்த்தேன், வேறெதையும் தொடவில்லை என்று அரைப் பக்கம். கீழே அவன் கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும்.